பிந்தித் தெரிந்த பிழை

கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர், சாத்தான்குளம்

கைத்தொழிலில் பிழை நேர்வது இயற்கை. பாவு ஓட்டுகிறவருக்கும் பாத்தி கட்டுகிறவருக்கும் அது ஒன்று போலவே நேர்கிறது. நேர்ந்த உடனே கண்ணில் படும் பிழைக்குப் பரிகாரம் எளிது. இழையைப் பிரித்து மீண்டும் கோத்துவிடலாம். நாற்றைப் பிடுங்கி மீண்டும் நட்டுவிடலாம். வேலை முக்காற்பங்கு முடிந்த பின்னர் தெரியவரும் பிழைதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. அத்தகைய பிழையை நம் சங்கங்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன, எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பது பற்றி, நான் கண்டதையும் கருதுவதையும் அங்கத்தினர்களின் ஆலோசனைக்கு வைக்க விரும்புகிறேன்.

என் சரகத்தைச் சேர்ந்த ஒரு சங்கத்தில் சென்ற ஆண்டு ஐப்பசியில் நடந்தது இது. சங்கத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. தறியில் மிஞ்சிய வெட்டுத் துணிகளைச் சதுரமாக நறுக்கி இணைத்து, நடுவே பஞ்சு பரப்பி, அடித்துணி கொடுத்து, ஓட்டுத் தையலிட்டு மெத்தை விரிப்புகள் செய்யும் வேலையை அங்குள்ள பெண் அங்கத்தினர்கள் மேற்கொண்டிருந்தனர். ஒரு விருந்தினர் விடுதியிலிருந்து நாற்பது விரிப்புகளுக்கு ஆர்டர் வந்திருந்தது. அகலத்தில் 12 கட்டங்கள், நீளத்தில் 15 கட்டங்கள், கட்டம் ஒன்றுக்கு 6 அங்குலம். ஆக 72 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் வர வேண்டும்.

எட்டு விரிப்புகளுக்கான மேல்துணி முடிந்த நிலையில், அளவுக்கு வைத்திருந்த அட்டை நனைந்து சுருண்டுவிட்டது. அவசரத்தில், முன்பே வெட்டிய ஒரு துணிச் சதுரத்தை வைத்து வரைந்து புதிய அட்டை செய்தார்கள். அந்தத் துணி அரைக்கால் அங்குலம் குறைவாக இருந்ததை எவரும் பார்க்கவில்லை. அரைக்கால் அங்குலம் ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டு கட்டம் சேர்ந்தால் ஒன்றரை அங்குலம்; பதினைந்து கட்டம் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு அங்குலம். இருபத்தேழு மேல்துணிகள் முடிந்து, அடித்துணியின்மேல் விரித்துப் பார்த்த அன்றுதான் குறைவு வெளிப்பட்டது. பத்தொன்பது விரிப்புகள் அளவு தவறியவை.

வழக்கம்போல் யார் குற்றம் என்ற விசாரணை தொடங்கியது. அப்போது சுவரோரம் அமர்ந்திருந்த ஓர் ஆச்சி, பத்தாவது விரிப்பைத் தைக்கும்போதே தமக்கு ஐயம் எழுந்ததாகச் சொன்னார். "அப்பவே சொல்லியிருக்கலாமே, ஆச்சி?" என்று கேட்டேன். "போன வருசம் ஒரு கறையப் பாத்துச் சொன்னேன், சார். எங் கூலியில பிடிச்சிட்டாவ. இந்தத் தடவ வாயத் தொறக்கல" என்றார்.

அந்தப் பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. பத்தாவது விரிப்பில் அவர் வாய் திறந்திருந்தால் சங்கத்துக்கு இழப்பு இரண்டு விரிப்புகள். எஞ்சிய பதினேழும், முந்தைய ஆண்டு ஒரு கறைக்காக அவர் கூலியில் பிடித்த தொகையின் விளைவு. என் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடையில் ஒருமுறை நான் அங்கே சென்று இருப்பைச் சரிபார்த்தேன். மேல்துணிகளை எண்ணினேன்; பதிவேட்டோடு எண்ணிக்கை ஒத்திருந்தது; கையொப்பமிட்டேன். ஒன்றையாவது விரித்து அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் சம்பளத்தில் எவரும் எதையும் பிடிக்கவில்லை.

இந்த வேற்றுமையை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 87ஆம் பிரிவு தண்டத்தீர்வை பற்றியது. சங்கத்தின் நிர்வாகத்தில் இருப்பவர், இருந்தவர் மீது சங்கத்துக்கு நேர்ந்த இழப்பைச் சுமத்த அது வழி செய்கிறது. ஆனால் கையாடலோ, நம்பிக்கைத் துரோகமோ, வேண்டுமென்றே காட்டிய அசட்டையோ இருந்தது என்று நிலைநாட்ட வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். தெரியாமல் நேர்ந்த பிழைக்காக ஒரு காரியதரிசியின் மீது தண்டத்தீர்வை விதிக்க எந்த அதிகாரியும் துணியமாட்டார். நாற்காலியில் இருப்பவருக்குச் சட்டம் தரும் இந்த நியாயத்தைத் தறியிலும் ஊசியிலும் இருப்பவருக்கு நம் சங்கங்கள் தருவதில்லை. அங்கே கறை என்றால் பிடித்தம், இழை அறுந்தால் பிடித்தம். தெரிந்து செய்ததா, தெரியாமல் நேர்ந்ததா, தாமாகவே வந்து சொன்னாரா என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

நெசவாளர்கள் இதை நன்கு அறிவார்கள். விழுதில் ஓர் இழை இடம் மாறிக் கோத்துவிட்டால், அந்தக் கோடு பாவு முடியும்வரை துணி நெடுகிலும் ஓடும். இரண்டு முழம் நெய்தபின் கண்டவர் தறியை நிறுத்தி இழையைத் திருத்தலாம். சொன்னால் கூலி குறையும் என்று அறிந்தவர், நெய்த துணியைச் சுருட்டும் மரத்தில் சுற்றிக்கொண்டே போவார். சுருணைக்குள் போன பிழை சங்கத்தின் மேஜைமீதுதான் மறுபடி வெளிப்படும்.

நம் தேரிக்காட்டுப் பனைத் தொழிலாளர்களுக்கும் இது புதிதன்று. கலயத்தில் தடவிய சுண்ணாம்பு போதவில்லை என்றால் பதநீர் புளித்துவிடும். புளித்த பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாமல் இளகி நிற்கும். "என் கலயம் புளித்துவிட்டது" என்று விடிலிக்கு வந்து சொல்பவர் ஒரு கலயத்தை இழக்கிறார். அவரைச் சொல்லவிடாமல் செய்தால், அந்தக் கலயமும் கொப்பரையில் சேர்ந்து எல்லாருடைய பாகையும் கெடுக்கும்.

சொல்வதால் விளையும் நன்மைக்கு நம் மாநிலத்துக் கைத்தறியின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1958ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர் சென்னைக்கு வந்து, கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் மதராஸ் கட்டத் துணியை வாங்கிச் சென்றார். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவியவர் இந்த நாயரே. அத்துணியின் சாயம் கசியும். ஆகையால் குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று சொல்லியே விற்றதாக நாயர் பின்னாளில் கூறினார். அந்த எச்சரிக்கை வாங்கி உடுத்தியவர்களைச் சென்று சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் அத்துணியாலான ஆடைகளை வாங்கியவர்கள் வழக்கம்போல் துவைத்தார்கள், வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்தன, புகார்கள் குவிந்தன. பிறகு செய்தது என்ன? சாயத்தை மாற்றவில்லை. துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து புதுப்புது வண்ணம் காட்டும் துணி, அதற்கு உத்தரவாதம் உண்டு என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க இளைஞர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, குறையுள்ள சரக்கைச் சொல் வன்மையால் விற்றுவிடலாம் என்று எவரும் கருத வேண்டா. அளவில் குறைந்த விரிப்பை எந்த விளம்பரமும் நீட்டிவிடாது. அதே துணி, அதே சாயம். சொல்லாதபோது புகாராக வந்தது, சொன்னபோது விரும்பத்தக்கதாயிற்று என்பதையே நாம் கருத வேண்டும்.

ஒட்டுத்துணி விரிப்புக்கென்றே எழுந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பினப் பெண்கள் 1966இல் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வாக்குரிமை கேட்டதற்காகப் பலர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்திருந்த காலம் அது. வீட்டில் பழந்துணியைக் கொண்டு, கைக்கு வந்தபடி கட்டங்களைக் கூட்டியும் குறைத்தும் தைத்துப் பழகியவர்கள் அவர்கள். பெரிய கடைகளின் ஆர்டர் வந்தபோது ஒரே அளவு, ஒரே நேர்த்தி என்ற புதிய ஒழுங்குக்குப் பழக வேண்டியதாயிற்று. 2012இல் மூடப்படும்வரை அச்சங்கம் பல குடும்பங்களுக்கு ஆதாரமாக இருந்தது. வீட்டு விரிப்பில் அழகாகத் தோன்றும் கோணல், ஆர்டரில் வாக்குத் தவறுதல் ஆகிவிடுகிறது. ஆகவே எது பிழை என்பதை வேலை தொடங்கும் முன்பே எல்லாரும் அறிந்திருக்கச் செய்வது சங்கத்தின் கடமை.

இனி, பிழை பிந்தித் தெரிந்துவிட்டால் செய்யத்தக்கது யாது? மூன்று கேள்விகள் போதும் என்பது என் அனுபவம். முதலாவது, அந்தப் பிழை உறுதியைக் கெடுக்குமா? தையல் விடும், துணி கிழியும் என்றால் எத்தனை நாள் உழைப்பானாலும் பிரித்தே ஆக வேண்டும். இரண்டாவது, அளவைக் கெடுக்குமா? கெடுக்கும் என்றால், பிரிக்காமலே ஈடு செய்ய வழியுண்டா என்று பார்க்கலாம். மூன்றாவது, தோற்றத்தை மட்டும் பாதிக்குமா? அப்படியானால் வாங்குவோருக்கு அறிவித்து, அவர் இசைந்தால் அப்படியே விடலாம். சாயம் கசியுமா என்ற ஐயம் இருந்தால், துண்டுகளை இணைக்கும் முன்பே நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். தைத்து முடித்த விரிப்பில் அதற்குப் பரிகாரம் அரிது.

நான் சொன்ன சங்கத்தில் கடைசியில் அவ்வாறே முடிவு செய்தார்கள். பத்தொன்பது விரிப்புகளையும் பிரிக்காமல், பக்கவாட்டில் முக்கால் அங்குலமும் மேலும் கீழும் ஏறத்தாழ ஓர் அங்குலமுமாகக் கரைப்பட்டி கொடுத்து அளவை நேர் செய்தார்கள். அதற்கு முன்பாகவே ஒரு மாதிரியையும், நடந்ததைக் கூறும் கடிதத்தையும் விடுதிக்கு அனுப்பினார்கள். பட்டி வைத்தவற்றை ஒரே மாடியின் அறைகளுக்கு வைத்துக்கொள்வதாக விடுதியார் இசைந்தனர். சரக்குப் போய்ச் சேர மூன்று வாரம் தாமதமாயிற்று. அதற்காக விலையில் சிறிது குறைத்துக்கொண்டார்கள். பட்டிக்கான துணியும் கூலியும் சங்கத்தின் செலவாயின.

நிர்வாகக் குழுவில் ஓர் உறுப்பினர் இதை ஆட்சேபித்தார். "பிழைக்குப் பிடித்தம் இல்லையென்றால் அசட்டை பெருகாதா? இது யார் வீட்டுப் பணம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கத்தினர் எல்லாருடைய பணம் அது. ஆனால், பிழையின் இழப்பு எப்படியும் சங்கத்தின் தலையில்தான் விழுகிறது. அது இரண்டு விரிப்பாக விழ வேண்டுமா, பத்தொன்பதாக விழ வேண்டுமா என்பதே நம் கையில் உள்ளது. பிடித்தம் அறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தும் மறைத்தவருக்கும், திருத்தியும் திருந்தாத அசட்டைக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். தாமாக வந்து சொன்னவரைத் தொடக்கூடாது.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றைப் பேரவையில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன். பிழைக்கென ஒரு பதிவேடு வைக்கட்டும்; கண்டவர் பெயர், கண்ட நாள், செய்த பரிகாரம் ஆகியவை அதில் ஏறட்டும். கண்ட அன்றே சொன்னவருக்குப் பிடித்தம் இல்லை என்று அதன் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கட்டும். அளவுக்குத் தகரத்தில் ஒரு மாதிரி செய்து காரியதரிசியின் பொறுப்பில் வைக்கட்டும். வெட்டிய துணியைப் பார்த்து மறு துணி வெட்டும் வழக்கம் ஒழியட்டும். முதலாவது சரக்கையும், பின்னர் ஐந்துக்கு ஒன்றையும் விரித்து அளக்கட்டும். இத்தகைய இழப்புக்கென இலாபத்தில் ஒரு சிறு தொகையை, துணைவிதிக்கு உட்பட்டு, ஒதுக்கி வைக்கட்டும். ஆய்வுக்கு வரும் என் போன்றோரும் எண்ணுவதோடு நில்லாமல் அளக்கவும் கற்றுக்கொள்வோம்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் கூடிக் கடை திறந்தபோது, அவர்களில் நெசவாளர் பலர் இருந்தனர். கலப்படமற்ற சரக்கு, சரியான எடை என்பதையே அவர்கள் தங்கள் முதலாக வைத்தார்கள். அந்த நாணயம் கடைக்கு வெளியே இருப்பவர்களிடம் மட்டும் காட்டுவதற்கன்று. சங்கத்துக்குள்ளே ஓர் ஏழை அங்கத்தினர் தம் பிழையை அச்சமின்றிச் சொல்லவும் அது இடந்தர வேண்டும்.

இதை எழுதும் இன்றுவரை அந்த ஆச்சிக்குப் பிடித்த கூலி திரும்பக் கொடுக்கப்படவில்லை. தொகை சிறியது, கணக்கு முடிந்த ஆண்டைச் சேர்ந்தது என்று காரணம் கூறுகிறார்கள். முடிந்த ஆண்டின் கணக்கையும் தீர்மானத்தின் பேரில் நேர் செய்யலாம் என்பதைச் சங்கத்தார்க்கு எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறேன். பிந்தித் தெரிந்த பிழைகளில் அதுவும் ஒன்று. அதையும் அவர்கள் திருத்துவார்கள் என்று நம்புகிறேன்.