லாபத்துக்காகக் கட்டியான எண்ணெய்!

மானாவாரிக் காட்டில் நிலக்கடலை பிடுங்குகிறோம். அதன் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஒலியிக், லினோலியிக் போன்ற நல்ல கொழுப்பு அமிலங்கள்தாம்.

இத்தகைய எண்ணெய்களில் நிக்கலைச் சேர்த்து, சூடேற்றி, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி வனஸ்பதி ஆக்கினார்கள் முதலாளிகள். எதற்காக? ஏழைக்குச் சத்தூட்டவா? இல்லை! சரக்கு நாள்படக் கெடாது. நெய்யைப்போல் காட்டி விற்கலாம். ஆனால் நல்ல அமிலத்தில் ஒரு பகுதி டிரான்ஸ் கொழுப்பாகத் திரிந்தது. அது கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி, நல்லதை இறக்கி, மாரடைப்புக்கு வழிகோலுகிறது.

டென்மார்க் 2003லேயே இதற்கு 2 சதவீத வரம்பு கட்டியது. இந்திய சர்க்கார் அந்த வரம்புக்கு வந்தது 2022 ஜனவரியில்! இடைப்பட்ட காலமெல்லாம் யார் நலனைக் காத்தார்கள்? நெய் வாங்க வக்கற்றவன் நலனையா?

“லேபிளைப் படித்து வாங்குங்கள்” என்று உபதேசிக்கிறார்கள் கனவான்கள். மில் வாசலில் பஜ்ஜி தின்று ஷிப்டுக்கு ஓடுகிறவனுக்கு லேபிள் ஏது?

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. எண்ணெய் ஆலையிலேயே சோதனை நடக்கட்டும். சிறு கடைக்காரன்மீது பழிபோட்டுத் தப்ப வேண்டாம். ரேஷன் கடையில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மலிவு விலையில் கிடைக்கட்டும்!

விளைவித்தவன் வாய்க்கு விளைந்தது சேர வேண்டும். சேரும்வரை ஓயமாட்டோம்!