மெழுகு முகங்கள்

நாவிதன்வெளி வயற்காரனும் மருதமுனை நெசவாளியும் மகள் பிறந்த நாள் தொட்டு ஒரு வீட்டுக்காகக் கல்லும் மண்ணும் சேர்க்கிறார்கள். பெண்ணுக்கு வீடு கொடாமல் கல்யாணம் இல்லை என்பது கிழக்கிலங்கைத் தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடையும் வேரோடிவிட்ட எழுதாச் சட்டம். வீடும் போதாதாம், முகத்தையும் திருத்திக்கொண்டு வா என்கிறது இன்றைய கல்யாணச் சந்தை. உதட்டைப் பருக்க ஊசி, கன்னத்தை நிரப்ப ஊசி, மூக்கை நிமிர்த்த ஊசி! கைத்தொலைபேசித் திரையிலே விளம்பரம் கூவுகிறது.

இது புதிய வியாபாரமன்று. 1899இல் வியன்னா வைத்தியர் கெர்சுனி வாசலினை ஊசி வழியே மனித உடலிற் செலுத்திக் காட்டினார். உடனே ஐரோப்பியச் சீமாட்டிகளின் முகங்களிற் பாரஃபின் மெழுகு ஏறிற்று. சில ஆண்டுகளில் அது கட்டியாக இறுகியது, இடம் பெயர்ந்தது, தோலைப் புண்ணாக்கியது. பேரழகி எனப் புகழப்பட்ட கிளாடிஸ் டீக்கன், பின்னர் மார்ல்பரோ கோமகளானவர், மூக்கில் ஏற்றிய மெழுகு தாடைக்கு இறங்கி முகமே குலைந்து போனார். கோமகளின் கதியே அதுவென்றால், கூலிக்காரி மகளின் கதி என்ன?

மெழுகு போய்த் திரவ சிலிக்கோன் வந்தது. போருக்குப் பிந்திய ஜப்பானில், அமெரிக்கச் சிப்பாயின் ரசனைக்காகப் பெண்களின் மார்பில் அது ஏற்றப்பட்டது. பின்பு லாஸ் வேகாஸ் நடனக்காரிகள். 1970களில் நெவாடா மாநிலம் அதனைக் குற்றமாக்கியது. பாலியக்ரிலமைட் களியைச் சீனா 2006இல் தடை செய்தது. ஒவ்வொரு முறையும் சட்டம் வந்து சேர்ந்தபோது காசு போகவேண்டிய பைக்குப் போய்விட்டது.

காரணம் உடலின் இயல்பிலேயே உண்டு. அந்நியப் பொருளை வெள்ளணுக்கள் விழுங்கப் பார்க்கின்றன. முடியாதபோது சூழ்ந்து சுவர் எழுப்புகின்றன. அதுவே கட்டி. அது மறுநாளே வருவதில்லை. பத்து, இருபது ஆண்டு கழித்தும் வரும்.

"இன்றைய ஹயலுரோனிக் அமிலம் கரைந்துவிடுமே" என்பார்கள். கரைக்கும் நொதி உண்டு; மறுக்கவில்லை. எயிட்ஸ் நோயாற் கன்னம் ஒட்டிப்போனவருக்கு இத்தகைய நிரப்பூசிகள் மனிதர் முன் நிமிர்ந்து நிற்கும் தைரியத்தைத் தந்தன என்பதும் உண்மை. ஆனால் சில மாதங்களிற் கரையும் என்று விற்கப்பட்டது ஆண்டுகள் பல கழிந்தும் ஸ்கேன் படத்திலே தெரிகிறது. ஒரு காய்ச்சலுக்குப் பின் திடீரென வீங்குகிறது. இரத்தக் குழாயினுட் புகுந்தால் கண்ணே குருடாகிறது. நொதியைக் கையில் வைத்திராத அழகு நிலையத்தில் அந்நேரம் என்ன செய்வார்கள்? சிலிக்கோனைக் கரைக்கவோ நொதியே இல்லை, கத்திதான்.

ஒரு மூட்டை உரத்துக்குக் கடைக்காரன் சிட்டை தருகிறான். ஊசி போடுகிறவர் எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர், எந்தத் தொகுதி இலக்கம் என்று எழுதிக் கையொப்பமிட்டு அந்தப் பெண்ணின் கையிலே கொடுக்கட்டும். இருபது ஆண்டு கழித்துக் கட்டியை அறுக்கப்போகும் அரசாங்க வைத்தியருக்கு அது வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரும் அதிலே ஒரு கையொப்பம் இடட்டுமே!