தேசிக்காய் அரித்த தரை



கீரிமலையில் வீடு கழுவும் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் எமது மகளிர் குழுவில் இருக்கிறார். 1990இல் இடம்பெயர்ந்து, போரில் கணவரை இழந்து, பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியவர். மகளின் படிப்புச் செலவு அந்தக் கூலியில்தான் நடக்கிறது.

ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, வெள்ளை மாபிளிலை தேத்தண்ணிக் கறை. போகுதில்லை, என்ன செய்யிறது?"

"தேசிக்காய்ப் புளியாலை தேய்ச்சுப் பாருங்கோ அக்கா" என்றேன்.

புளி போதாதென்று கழிவறை கழுவும் அமிலத்தையும் ஊற்றியிருக்கிறார். பளபளப்புப் போய், அந்த இடம் சொரசொரவென்று மங்கிவிட்டது. கையும் வெந்துவிட்டது. வீட்டுக்காரர் கூலி கொடுக்கவில்லை. நான் நேரில் சென்று, பிழை என்னுடையது என்று சொன்னேன். அரைக் கூலி கிடைத்தது. தரை பழையபடி ஆகவில்லை.

அதன் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். மாபிளும் எமது கீரிமலைச் சுண்ணாம்புக் கல்லும் ஒரே இனம். இரண்டிலும் இருப்பது கல்சியம் காபனேற்று. சுண்ணக்கல்லில் புளி பட்டால் நுரைக்கும். கல் கரைகிறது என்பதே அதன் பொருள். தேசிக்காய், வினாகிரி, கழிவறை அமிலம் எல்லாம் மாபிளுக்குப் பகை. அரித்த இடத்தை மறுபடி மினுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நாங்கள் தரை ஓடுகளையும் "மாபிள்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கேதான் ஏமாறுகிறோம். ஓடு சுட்ட மண். மாபிள் இயற்கைக் கல். ஆகவே வேலை தொடங்குமுன் இது ஓடா, கல்லா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

கல்லென்றால் செய்யவேண்டியது இதுதான். முதலில் வெறும் தண்ணீரால் துடையுங்கள். எண்ணெய்க் கறைக்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் களியாகக் குழைத்துத் தடிப்பாகப் பூசுங்கள். வெள்ளை மாபிளில் தேத்தண்ணீர், இலைக் கறை என்றால், தண்ணீருக்குப் பதிலாகப் பாமசியில் புண் கழுவ விற்கும் ஐதரசன் பரவொட்சைட்டில் குழையுங்கள். கறுப்பு, நிறக் கற்களில் இதைப் பாவிக்க வேண்டாம், நிறம் வெளிறும். பொலித்தீனால் மூடி ஒருநாள் விட்டு, பிறகு திறந்து காயவிட்டு, கழுவித் துடையுங்கள். களி காயும்போது கறையை உறிஞ்சி எடுக்கும். ஒருமுறையில் போகாவிட்டால் மறுமுறை பூசலாம். இரும்புத் துருக் கறை இதற்கு இலகுவில் அசையாது. அதைக் கல் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

இது ஏழைகளின் கைவைத்தியம் என்று எண்ணாதீர்கள். ஆக்ராவின் தாஜ்மகால் மஞ்சளித்தபோது, 1994 முதல் இந்தியத் தொல்லியல் துறையினர் முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கழுவித்தான் அந்த மாபிளை வெளுக்க வைத்தார்கள்.

எமது கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் தரையிலும் படிகிறது. கழுவிய கையோடு உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இன்னும் மூன்று விடயங்கள். எதையும் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். கையுறை இல்லாமல் இரசாயனத்தைத் தொடாதீர்கள். குளோரினையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் நச்சுப் புகை உயிருக்கே ஆபத்து.

அந்த அக்கா இப்போது வேலைக்குப் போனதும் முதலில் கல்லைக் கேட்கிறார், அடுத்துக் கூலியைப் பேசுகிறார். "அமிலம் ஊத்தச் சொன்னால் நான் செய்யமாட்டன், தரை பழுதாப்போகும்" என்று வீட்டுக்காரருக்கே விளக்கம் சொல்கிறார். போனமாதம் ஒரு வீட்டில் அவரையே திரும்பவும் வரச்சொல்லிக் கேட்டார்களாம்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் இனிச் சொல்வதில்லை என்று நானும் முடிவெடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் சந்திப்போம்.