அப்பத்தாவின் அடுப்பும் என் கணக்கும்

இந்த வாரம் பேலன்ஸ் ஷீட் இல்லை, அடுப்பு. :-)

கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்து வருசக்கணக்காகிறது. ஆனாலும் கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் அப்பத்தாவின் விறகு அடுப்பு தினமும் எரிகிறது. எல்லோருக்கும் வெந்நீர் அதில்தான். கேட்டால், "மட்டை சும்மா கெடக்கு. வெந்நிக்குப் போயி கேஸை எரிப்பாகளாடா?" என்கிறது.

பி.காம். படிக்கிற எனக்கு உடனே பதில் வரவில்லை. மட்டைக்குச் செலவு இல்லைதான். ஆனால் ஊதாங்குழலோடு உட்கார்ந்து அப்பத்தா இருமுகிற இருமல்? அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லையே!

வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 2.37 லட்சத்துக்கு மேல்.

கேஸுக்கு மாற வேண்டியதுதானே என்பீர்கள். தமிழக அரசு 2007-ல் ஏழைகளுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் இணைப்பு கொடுத்த அன்றைக்கே விறகு அடுப்பு அணைந்துவிட்டதாக நாம் கணக்கை மூடிவிட்டோம். சிலிண்டரை மிச்சம் பிடிக்கிற வீட்டில் அது அணையாது.

அதனால் என் கட்சி இதுதான்: அணைக்க முடியாத அடுப்பை மாற்றிக் கட்டுவோம். விறகுக்கு அடியில் காற்று நுழைய ஒரு கம்பித் தட்டு, பாத்திரம் இடைவெளி இல்லாமல் உட்காரும் வாய், கூரைக்கு மேலே போகும் புகைபோக்கி. காற்று சரியாகக் கிடைத்தால் விறகு நன்றாக எரியும். மிச்சப் புகையும் மூஞ்சியில் அடிக்காது.

இது புதுசும் இல்லை. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950களிலேயே புகையில்லா அடுப்பை உருவாக்கினார். 1980களில் மத்திய அரசு தேசிய அளவில் திட்டம் போட்டு, 2002-க்குள் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் கட்டியது. அதில் ஏராளமானவை சீக்கிரமே உடைந்தன, அல்லது சும்மா கிடந்தன. எத்தனை கட்டினோம் என்று எண்ணினார்களே தவிர, சமைப்பவருக்கு அது தோதாக இருக்கிறதா, கரி யார் எடுப்பது என்று பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. புகைபோக்கி புகையை வெளியே தள்ளுகிறது, ஒழிப்பதில்லை. கேஸுக்கு இது ஈடாகாது. சமையல் கேஸிலேயே இருக்கட்டும். வெந்நீருக்கு மட்டும் இது.

அப்பத்தாவிடம் சொன்னேன். "என் அண்டா உக்காரணும், அம்புட்டுத்தேன்" என்றது. அண்டாவின் அடியை டேப் வைத்து அளந்தாயிற்று. கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. மாதம் ஒருமுறை கரி எடுக்கிற வேலை என்னுடையது.

மூன்றரைக் கோடி அடுப்புக்குக் கிடைக்காத ஆள், ஒரு அடுப்புக்காவது கிடைத்தான். :-)