கேள்வியோடு காத்திருப்போம்!



மும்பையைச் சேர்ந்த ஆனந்த் பட்வர்த்தன் சுமார் 50 ஆண்டுகளாக ஆவணப் படங்கள் எடுத்து வருபவர். தணிக்கைக் கத்திரியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் வென்றவர். 2023-ல் வெளிவந்த அவரது படத்தின் பெயர் 'வசுதைவ குடும்பகம்'. உலகமே ஒரு குடும்பம் என்று பொருள்.

இந்தப் படத்தில் அவர் காமிராவைத் தம் வீட்டுப் பக்கமே திருப்பியிருக்கிறார். வயது முதிர்ந்த தாயும் தந்தையும் பேசுகிறார்கள். தாய் சிந்து மாகாணத்துக் குடும்பத்தில் பிறந்தவர், மண்பாண்டக் கலைஞர். தந்தையின் உடன்பிறந்த ராவ், அச்யுத் இருவரும் சுதந்திரப் போரில் இறங்கியவர்கள். 1942-ல் அச்யுத் தலைமறைவாக இருந்து போராடினார். ஒரு வீட்டின் பேச்சிலே தேசத்தின் சரித்திரம் விரிகிறது.

இப்படத்தை நமது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் திரையிட வேண்டும். பட்வர்த்தனையே அழைத்துப் பேச வைக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் படிப்பகங்களும் இதற்கு முன்வர வேண்டும் என்பது நமது கருத்து.

"படித்த குடும்பத்தின் கதை நமக்கு எதற்கு?" என்று ஷிப்டு முடிந்து வரும் தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. அதை அடக்க வேண்டாம்; கூட்டத்துக்கே கொண்டு வாருங்கள்!

இப்படிப்பட்ட கேள்வி அவருக்குப் புதிதல்ல. 1985-ல் அவர் எடுத்த 'பம்பாய் நமது நகரம்' குடிசைகள் இடிக்கப்பட்ட ஏழைகளைப் பற்றியது. அதில் ஒரு பெண், எங்களைப் படம் பிடித்து உனக்குப் பேர், எங்களுக்கு என்ன லாபம் என்ற பொருளில் அவர் மீதே சீறுகிறாள். அந்த ஏச்சை அவர் வெட்டி எறியவில்லை. படத்திலேயே வைத்தார். கேள்விக்கு அஞ்சாத கலைஞனிடம் கேள்வியோடு போவதுதான் மரியாதை.

நமது கேள்வி இதுதான்: நம் தாய் தகப்பன் கதையை யார் படம் பிடிப்பது?

1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ்ட் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது இதே ஆவடியில்தான். மேடையில் இருந்த தலைவர்களின் படங்கள் இன்றும் அச்சாகின்றன. பந்தலுக்குக் குழி வெட்டியவன் படம் எங்கே? 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. நேற்று வரை ஏர் பிடித்த கை லேத்தைப் பிடித்தது. களத்து மேட்டில் கூலி நெல்லுக்காகக் காத்திருந்தவள் பிள்ளையை ஆலைக்கு அனுப்பினாள். அவர்கள் முகம் எந்தப் படத்தில் இருக்கிறது? ரேஷன் கார்டில் மட்டும்தானே!

வசதியுள்ள வீட்டில் ஆல்பம் இருக்கிறது, கடிதம் இருக்கிறது, காமிரா பிடிக்கத் தெரிந்த மகன் இருக்கிறான். நம் வீட்டில் ஞாபகம் மட்டும் இருக்கிறது. கிழவர் கண்ணை மூடினால் அதுவும் போய்விடும். ஆனால் இன்று நம் சட்டைப் பையிலும் காமிரா உள்ள செல்போன் இருக்கிறது. தாயிடம் எப்படிக் கேட்பது, எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது, எதைக் காட்டுவது என்பதைத்தான் அவரிடம் கற்க வேண்டும்.

கூட்டம் நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. ஞாயிறு மாலையில் வையுங்கள். டிக்கெட் வேண்டாம். படத்தின் பேச்சு தமிழ் அல்ல. உடனுக்குடன் தமிழில் சொல்ல ஆள் போடுங்கள். வயலில் வேலை செய்யும் பெண்கள் பிள்ளைகளோடு வந்து முன்னால் உட்கார இடம் விடுங்கள்.

அந்த நாள் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். இன்றிரவே வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். "உன் முதல் கூலி எவ்வளவு?" என்று கேளுங்கள். நமது படம் அங்கே தொடங்குகிறது!