விலையைச் சொல்வது யார்?

கூடலூரில் எங்கள் பங்கின் இளைஞர் கூட்டமொன்றில், வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் கரும்பலகையை ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்தார். இடப்பக்கம் 'வணிகம்' என எழுதி அதன்கீழ் 'இலாபம்' என்றார். வலப்பக்கம் 'சமூகத் தொழில்முனைவு' என எழுதி அதன்கீழ் 'சேவை' என்றார். கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் இருந்த திராட்சை விவசாயி ஒருவர் மெல்ல எழுந்து, "ஐயா, இந்த ரெண்டுலயும் வெலயச் சொல்றது யாருங்க?" என்று கேட்டார். பேச்சாளர் புன்னகை செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இப்பொருளைப் பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் வீண் என்பதே என் கட்சி.

நான் மண்டிக்காரர் மகன். ஆகவே இடப்பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பெரியாற்று நீர் பாயும் இந்தப் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் விளைகிறது. 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் இக்கொடியைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான், ஆனால் குறியீடு விலை சொல்வதில்லை. ஏலக்காய்க்காவது போடியிலும் புற்றடியிலும் ஏலம் உண்டு. திராட்சைக்கோ பெரும்பாலும் தோட்டத்து வரப்பிலேயே விலை பேசி முடிக்கப்படுகிறது. பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் வேண்டும். கவாத்துக்குக் கூலி வேண்டும். உரத்துக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். கவாத்து முடிந்து பழம் கனிய ஏறத்தாழ நான்கு மாதம் ஆகிறது. அதுவரை கையில் காசு ஏது? மண்டியில் முன்பணம் வாங்குகிறார் விவசாயி. வாங்கிய அன்றே, இன்னும் பூக்காத கொத்துக்கு விலை சொல்லும் உரிமையையும் அங்கே வைத்துவிட்டு வருகிறார். பழமோ காத்திருக்கும் பண்டமன்று. கனிந்த நேரத்தில் ஒரு மழை அடித்தால் வெடித்துவிடும். வெட்டியே ஆகவேண்டும், விற்றே ஆகவேண்டும்.

என் தந்தை கொடியவர் அல்லர். கலியாணத்துக்கும் சாவுக்கும் வட்டியில்லாமல் கொடுத்தவர். மழையில் பழம் அழுகி நின்றவருக்கு மறுபடியும் முன்பணம் கொடுத்துத் தாமும் நட்டப்பட்டவர். ஆனால் பாக்கி வைத்தவர் வேறொரு மண்டியில் பத்துப் பெட்டி இறக்கினார் என்று காதில் விழுந்தால் அவர் முகம் மாறிவிடும். அவருடைய பேரேட்டில் பெயர் எழுதப்பட்டிருந்தவர்களுள் ஒருவர்கூட அதை விரித்துப் பார்த்ததில்லை. பார்க்கலாமா என்று கேட்டதுமில்லை. இரக்கமும் பேரேடும் ஒரே கையில் இருந்தன. எனவே எவருக்கு எப்போது இரங்குவது என்பதும் அந்தக் கையின் விருப்பமாயிற்று. மகனாக இதை எழுதுவது எனக்கு எளிதன்று.

இனி வலப்பக்கம். பேச்சாளர் தந்த சான்றுகளில் தலையாயது அரவிந்த் கண் மருத்துவமனை. மறுக்க முடியாத சான்று. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை அடகு வைத்து, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. 1985-இல் தேனிக்கே கிளை வந்தது. 1992-இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் லென்சை இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்து காட்டியது. இதைக் குறைத்துப் பேசினால், அங்கே புரை நீக்கிக்கொண்டு திரும்பிய நம் ஊர்ப் பெரியவர்களின் கண்களே என்னைக் கேள்வி கேட்கும். ஆனால் இதிலிருந்து நம்மவர்கள் கற்கும் பாடம், 'நிறுவியவருக்குப் பெரிய மனம் இருந்தால் போதும்' என்பது. அதுதான் பிழை. அங்கே கட்டணப் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார்; வருமானச் சான்று காட்டு என்று எவரும் கேட்பதில்லை. மிச்சப்படும் பணம் பங்குதாரர் பைக்குப் போகாமல் மருத்துவத்துக்கே திரும்புகிறது. அதாவது, விலை சொல்லும் உரிமையில் ஒரு பகுதி ஏழையின் கைக்கு வந்துவிட்டது. பெரிய மனம் செய்த பெரிய காரியம் அது.

அதே வலப்பக்கத்தில் வேறொரு கதையும் உண்டு. பேச்சாளர் அதைத் தொடவில்லை. ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் தரும் தொண்டு அமைப்பாக 1990-களின் இறுதியில் ஆந்திரத்தில் கிளம்பிய எஸ்.கே.எஸ்., பின்பு நிதி நிறுவனமாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்குச்சந்தையில் ஏறியது. பங்கு வாங்க முதலீட்டாளர்கள் முண்டியடித்தார்கள். இரண்டே மாதத்தில், அக்டோபரில், சிறுகடன் வசூலின் கெடுபிடி பற்றியும் கடன்பட்டோர் தற்கொலைகள் பற்றியும் எழுந்த கூக்குரலால், அத்தொழில் முழுவதையும் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. தமிழ்நாட்டிலும் வற்புறுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் சட்டம் வந்திருக்கிறது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். வாரத் தவணைக்கு வாசலில் வந்து நிற்பவரின் அட்டையில் நல்ல நல்ல சொற்கள் அச்சாகியிருக்கின்றன. வட்டியை எவரைக் கேட்டு வைத்தார்கள்? என் தந்தையின் மண்டியிலாவது முகம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார், கெஞ்ச முடிந்தது.

அப்படியானால் வழியே இல்லையா? நம் மறைமாவட்டங்களின் தென்கோடியிலேயே இருக்கிறது. குமரி, திருவனந்தபுரம் கடற்கரைகளில் வலைக்கும் மரத்துக்கும் வியாபாரியிடம் கடன்பட்ட மீனவர், பிடித்த மீனை அவருக்கே கொடுத்தார். அவர் சொன்னதே விலை. நம் திராட்சைக் கதை எழுத்துக்கு எழுத்து அதுவே. 1970-களில் குருக்களும் சமூகப் பணியாளர்களும் துணைநிற்க, மீனவர் ஊர்தோறும் சங்கம் கண்டனர். 1980-இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. வியாபாரியின் மனத்தை மாற்ற அவர்கள் பிரசங்கம் செய்து கொண்டிருக்கவில்லை. கரையில் மீனை ஏலம் விடும் வேலையைச் சங்கமே எடுத்துக்கொண்டது. விற்ற பணத்தில் ஒரு பகுதி கடனுக்கு, ஒரு பகுதி சேமிப்புக்கு, ஒரு பகுதி சங்கச் செலவுக்கு. எஞ்சியது மீனவர் கைக்கு. வியாபாரியும் வந்தார், வாங்கினார், இலாபமும் கண்டார். முதல் விற்பனை மட்டும் கை மாறியது. கூட்டுறவு என்ற பெயரில் கட்சிக்காரர்கள் ஆண்ட சங்கங்களையும் நாம் கண்டிருக்கிறோம். பெயரை நம்பச் சொல்லி நான் வாதாடவில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் எழுதிய சுற்றுமடலிலேயே, இலாப நிறுவனம், இலாபநோக்கற்ற நிறுவனம் என்ற பழைய பிரிவினை இனி உண்மை நிலையை விளக்கப் போதாது என்று காட்டியிருக்கிறார். நாம் இன்னும் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்!

எங்கள் பங்கில் பெண்களைக் கொண்டு திராட்சைச் சாறு தயாரிக்கும் கூடம் ஒன்று தொடங்கப் பேச்சு நடக்கிறது. குழுவில் என் பெயரும் இருக்கிறது. பெயர்ப்பலகையின் நிறம் முதல் திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பதுவரை பேசியாயிற்று. பழத்தின் கொள்முதல் விலையை விவசாயியும் அறிய முன்கூட்டியே பலகையில் எழுதுவோமா, பிழியும் பெண்களின் கூலியை அவர்களும் உட்கார்ந்து முடிவு செய்வார்களா, மாதந்தோறும் கணக்கை அவர்கள் முன் வாசிப்போமா, முன்பணம் வாங்கியவர் நல்ல விலை கிடைத்தால் வெளியில் விற்கலாமா என்று கேட்டேன். "முதலில் தொடங்குவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அடுத்த கூட்டத்துக்குள் இந்நான்கிற்கும் எழுத்தில் விடை வேண்டும். வராவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.