வெளியேற முடியாத சந்தை

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மணிலா பயிரிடுவோர் நன்கறிந்த ஏற்பாடு ஒன்று உண்டு. விதைப்புக்கு முன்பணம் கொடுத்த மண்டிக்காரரிடமே விளைச்சலை விற்க வேண்டும். அடுத்த மண்டியில் மூட்டைக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் அங்கே போக முடியாது. விற்பவர், வாங்குபவர், விலை எல்லாம் இருந்தும், பொருளாதாரம் கற்ற எவரும் இதைத் தடையற்ற சந்தை என்று கூறமாட்டார்.

அப்படி விற்றே மகனைப் பொறியியல் படிக்கவைத்த ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மகன் அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர். அண்மையில் ஆட்குறைப்பில் வேலை போயிற்று. தொலைபேசியில் அழைத்தவர், 'இன்னும் அறுபது நாள்தான் சார்; அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை' என்றார்.

அவர் சென்றது எச்-1பி விசாவில். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான இந்த விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு 65,000. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்குக் கூடுதலாக 20,000. அனுமதி பெறுவோரில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் இந்தியர்கள். இதற்கு மனு செய்வது தொழிலாளர் அல்லர், நிறுவனம். வேலை மாறச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், புதிய நிறுவனமும் மனு செய்தாக வேண்டும். வேலைவழி நிரந்தரக் குடியுரிமை அட்டைகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 மட்டுமே. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியர்களின் காத்திருப்பு பல ஆண்டுகளாக நீள்வது இதனால்தான். அதுவரை, ஊதியம் குறைவு என்று தெரிந்தாலும் துணிந்து வெளியேற எத்தனை பேரால் முடியும்?

தடையற்ற சந்தையின் தீவிர ஆதரவாளரான மில்டன் ஃப்ரீட்மன், குறைந்த ஊதியத்தில் ஆள் கிடைக்கச் செய்யும் அளவுக்கு இத்திட்டம் நிறுவனங்களுக்கு ஒரு மானியமே என்று 2002-இல் கருத்துத் தெரிவித்தார். சந்தைப் பொருளாதாரத்தின் பெயரால் இத்திட்டத்தைப் போற்றுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த பிரகடனம், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கான மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய். இதுவும் சந்தை வழித் தீர்வுதானே என்று சிலர் கேட்கின்றனர். நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர் 2010-இல் லண்டனில் ஆற்றிய உரையில் குடியேறும் உரிமையை விலைக்கு விற்கலாம் என்று முன்மொழிந்தது உண்மைதான். ஆனால், அவர் திட்டத்தில் உரிமை குடியேறுபவருக்கே சேரும். அவர் எந்த வேலைக்கும் போகலாம். இங்கே பணம் கட்டுவதும் பிடியை வைத்திருப்பதும் நிறுவனமே. இவ்வளவு செலவிட்ட நிறுவனம் அவரை எளிதில் விட விரும்புமா? முன்பணம் பெருகப் பெருக மண்டிக்காரரின் பிடியும் இறுகும்.

இதனால் இழப்பது நம் இளைஞர்கள் மட்டுமல்லர். விலகிச் செல்ல இயலாத ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பணியாற்றும்போது, அமெரிக்கத் தொழிலாளரின் பேரம் பேசும் வலிமையும் குறைகிறது. இரு தரப்பையும் காக்கக்கூடியது எண்ணிக்கைக் குறைப்போ கட்டண உயர்வோ அன்று. வேலை மாறும் உரிமையே. வாஷிங்டனுடனான பேச்சுகளில் இந்தியா விசாக்களின் எண்ணிக்கையைவிட இதனையே முதன்மையாக வலியுறுத்த வேண்டும். அறுபது நாள் அவகாசத்தை நீட்டிப்பதும், விசாவை ஒரே நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுவிப்பதும் முதற்படிகள்.

அப்படிக் கேட்குமுன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. பணியில் சேரும் இளைஞரிடம் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் நிறுவனங்களும், விலகினால் லட்சக்கணக்கில் ஈடு கேட்கும் ஒப்பந்தங்களும் இங்கே குறைவில்லை. கல்விப் பணியில் இருந்த காலத்தில் இதனைக் கண்டும் காணாததுபோல் கடந்தவர்களில் நானும் ஒருவன். விலகிச் செல்லும் உரிமை இல்லாத இடத்தில் ஊதியம் பேசப்படுவதில்லை, அது விதிக்கப்படுகிறது. இது கலிஃபோர்னியாவுக்கும் பொருந்தும், கீழ்பென்னாத்தூருக்கும் பொருந்தும்.